மார்னிங்டன் தீபகற்பத்தில் கேண்டிட் கல்யாணப் படம் எடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

மார்னிங்டன் தீபகற்பத்தின் ரெட் ஹில்லில், ஒரு ஒயினரி (ஒயின் தயாரிக்கும் திராட்சைத் தோட்டம்) வாசலில் இருபத்தைந்து நிமிடம் நின்றதிலிருந்து தொடங்குகிறேன். ஆஸ்திரேலியாவில் நான் தனியாக ஒப்புக்கொண்ட முதல் கல்யாணம் அது. தோளில் இரண்டு கேமரா, பையில் எல்லா லென்ஸும் இருந்தன. வாசலில் நின்ற மேலாளர் கேட்டது ஒரே ஒரு காகிதம்: பொதுப் பொறுப்பு இன்சூரன்ஸ் சான்றிதழ், அதாவது என்னால் பிறருக்கோ இடத்துக்கோ சேதம் வந்தால் ஈடு கட்டும் காப்பீடு. என்னிடம் அது இல்லை. காருக்குத் திரும்பிப் போய், போனிலேயே ஒரு பாலிசி வாங்கி, சான்றிதழ் மின்னஞ்சலில் வரும்வரை காத்திருந்து, காட்டிவிட்டு உள்ளே ஓடினேன். அதற்குள் மணப்பெண்ணின் அம்மா அவளுடைய கவுனின் பின்பக்கப் பொத்தான்களைப் போட்டு முடித்திருந்தார். மொத்தம் முப்பத்திரண்டு பொத்தான். மூக்குக்கண்ணாடி இல்லாமல் தடவித் தடவிப் போட்டாராம். மணப்பெண் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் அந்தப் படம் இல்லை.

மதுரையில் எட்டு வருடம் கல்யாணம் எடுத்தவன் நான். கேமராவில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. தடுமாறியதெல்லாம் காகிதத்திலும் வெயிலிலும் கடிகாரத்திலும்தான். கேண்டிட், அதாவது போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக நடப்பதை எடுப்பவன், நாள் முழுக்க நிதானமாக இருக்க வேண்டும். அந்த நிதானம் முந்தைய மாதங்களில் செய்த ஏற்பாடுகளால் வருவது. அந்த ஏற்பாடுகளைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மார்னிங்டன் தீபகற்பம் மெல்பர்ன் நகரத்திலிருந்து தெற்கே ஒன்றேகால் மணி நேரக் கார் பயணம். ஒரு பக்கம் போர்ட் பிலிப் விரிகுடா, மறுபக்கம் வெஸ்டர்ன் போர்ட், தெற்கே பாஸ் நீரிணை. நடுவில் ரெட் ஹில், மெயின் ரிட்ஜ், மெரிக்ஸ், பால்னாரிங், மூருடக் என்று திராட்சைத் தோட்டங்கள். பினோ நுவார், ஷார்டனே என்ற ஒயின் வகைகளுக்குப் பெயர் போன பகுதி. மதியம் திராட்சை வரிசையில், மாலை கடற்கரையில் என்று ஒரே நாளில் எடுக்கலாம் என்பதால்தான் ஜோடிகள் இங்கே வருகிறார்கள்.

1. விசா என்ன சொல்கிறது என்று பாருங்கள்

மாணவர் விசாவில் இருந்தால், படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். சொந்தத் தொழில் இந்தக் கணக்கில் வராது என்று பலர் நினைக்கிறார்கள். வரும். படம் எடுக்கும் பத்து மணி நேரம் மட்டுமல்ல, வீட்டில் உட்கார்ந்து எடிட் செய்யும் இருபது மணி நேரமும் வேலைதான். நேரத்தை எழுதி வையுங்கள்.

சுற்றுலா விசாவில் வந்திருக்கும் நண்பனை, "ஒரு நாள்தானே, வந்து கேமரா பிடி, காசு தருகிறேன்" என்று கூப்பிடாதீர்கள். அது அவருடைய அடுத்த விசாவையே கெடுத்துவிடும்.

2. ஏபிஎன் எடுங்கள், காசு கொடுக்காமல்

ஏபிஎன் என்பது தொழில் எண். ஆஸ்திரேலியத் தொழில் பதிவேட்டின் அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். விவரங்கள் பொருந்தினால் அன்றே கைக்கு வந்துவிடும். பொறி எங்கே என்றால், இணையத்தில் தேடும்போது மேலே வருகிற சில தளங்கள் இதையே செய்துகொடுக்கக் கட்டணம் கேட்கும். பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும். முகவரியைப் பார்த்து நுழையுங்கள்.

இரண்டாவது பொறியில் நானே விழுந்தேன். ஏபிஎன் இல்லாமல் ஒரு ஸ்டூடியோவுக்காக ஒருநாள் வேலை செய்தேன். பணம் வந்தபோது 47 சதவீதம் பிடித்திருந்தார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று கோபப்பட்டேன், ஆனால் சட்டமே அப்படித்தான். ஏபிஎன் குறிப்பிடாத இன்வாய்ஸ் 75 டாலரைத் தாண்டினால், பணம் கொடுப்பவர் அந்த அளவுக்குப் பிடித்து வரி அலுவலகத்துக்குக் கட்ட வேண்டும். வருடாந்திர வரிக் கணக்கில் அது எனக்கு வரவாக வந்தது உண்மை. ஆனால் அந்த மாத வாடகைக்கு உதவவில்லை.

சொந்தப் பெயரில் தொழில் செய்தால் பெயர்ப் பதிவு தேவையில்லை. "இன்னார் போட்டோகிராபி" என்று தனிப் பெயர் வைத்தால் பதிய வேண்டும், ஒரு வருடத்துக்கு ஐம்பது டாலருக்குள் முடியும். ஜிஎஸ்டி பதிவு ஆண்டு வரவு 75,000 டாலரைத் தொடும்போதுதான் கட்டாயம். அதுவரை இன்வாய்ஸில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி போட்டு வாங்காதீர்கள், அது தவறு. நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. நீங்களே கணக்குத் தாக்கல் செய்தால் அக்டோபர் 31 கடைசி நாள். வரி பிடித்தம் இல்லாமல் பணம் கைக்கு வருவதால், ஒவ்வொரு வரவிலும் கால் பங்கை வேறு கணக்கில் ஒதுக்கி விடுங்கள். கல்யாண சீசனில் வந்ததை எல்லாம் லென்ஸில் போட்டுவிட்டு அக்டோபரில் கடன் கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

3. இன்சூரன்ஸ் சான்றிதழை மூன்று வாரத்துக்கு முன்பே அனுப்புங்கள்

ஒயினரிகள் பொதுவாக 1 கோடி டாலர் அல்லது 2 கோடி டாலர் பொதுப் பொறுப்புக் காப்பீடு கேட்கும். தொகையைக் கண்டு பயப்பட வேண்டாம், தனி ஆளுக்கு வருடத்துக்குச் சில நூறு டாலரில் கிடைக்கும். 2 கோடிக்கே வாங்கிவிடுங்கள். 1 கோடி வைத்துக்கொண்டு இடத்துக்கு இடம் கெஞ்சுவது வேண்டாம். சான்றிதழில் காலாவதி தேதி இருக்கும். ஜனவரியில் புக் ஆன கல்யாணம் நவம்பரில் நடக்கும்போது அது செல்லுபடியாக வேண்டும்.

கேமராவுக்குத் தனிக் காப்பீடு வேண்டும். வீட்டுக் காப்பீடு தொழில் கருவிகளைப் பெரும்பாலும் ஏற்காது. காரில் வைத்துத் திருடு போனால் தருவார்களா என்பதையும் படித்துப் பாருங்கள்.

4. முதல் சீசன் முழுக்க இரண்டாவது கேமராவாகப் போங்கள்

இதைச் சொன்னால் அனுபவசாலிகளுக்கு வருத்தம் வருகிறது. எனக்கும் வந்தது. ஆனால் இங்கே கல்யாணம் நடக்கும் விதமே வேறு. நம் ஊரில் போட்டோகிராபர் மேடையில் நிற்பார், "மாமா, கொஞ்சம் நகருங்க" என்பார், தாலி கட்டும் நேரத்தில் கைகளுக்கு நடுவே கேமராவை நுழைப்பார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே சடங்கு இருபது முதல் முப்பது நிமிடம். விருந்தினர்கள் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவழியில் நீங்கள் ஒரு தடவை குறுக்கே ஓடினால் அத்தனை பேரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் கற்க முடியும்.

போகும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: எவ்வளவு, எப்போது தருவார்கள், நீங்கள் எடுத்த படங்களை உங்கள் போர்ட்போலியோவில் போடலாமா. மூன்றாவதை நான் கேட்கவில்லை. ஒரு சீசன் முழுக்க எடுத்த படங்களில் ஒன்றைக்கூட வெளியே காட்ட முடியாமல், அடுத்த வருடம் வெறும் கையோடு ஆரம்பித்தேன்.

5. ஒப்பந்தத்தில் காப்புரிமைக்கு ஒரு வரி

"நான் எடுத்த படம் என்னுடையது" என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆஸ்திரேலியாவின் 1968 காப்புரிமைச் சட்டப்படி, கல்யாணம் போன்ற தனிப்பட்ட, குடும்பக் காரியங்களுக்காகக் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படங்களின் காப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே போகும். படத்தோடு உங்கள் பெயரைக் குறிப்பிடச் சொல்லும் உரிமை உங்களிடம் இருக்கும், ஆனால் காப்புரிமை ஜோடியிடம். ஆகவே உரிமை யாருக்கு, நீங்கள் இணையத்தில் போடலாமா, அச்சுப் போட்டிக்கு அனுப்பலாமா என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கேண்டிட் படங்களில் அழுகிற முகங்களும் குடித்துச் சிரிக்கிற முகங்களும் இருக்கும். வெளியிடும் உரிமை காகிதத்தில் இருந்தாலும், அப்படிப்பட்ட படத்தைக் கேட்காமல் போடாதீர்கள்.

என் கட்டண முறை: தேதியை உறுதி செய்ய 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு. பயண நேரத்தையும் கணக்கில் சேருங்கள். ஈஸ்ட்லிங்க் சாலையில் சுங்கம் உண்டு, அதன் தொடர்ச்சியான பெனின்சுலா லிங்கில் இல்லை.

ஜோடிகள் ஒரு வருடம், ஒன்றரை வருடம் முன்பே தேதி பிடிப்பார்கள். "அடுத்த வாரம் சின்னதா ஒரு கல்யாணம்" என்று யாராவது கேட்டால், செலிப்ரன்டிடம் (சட்டப்படி கல்யாணத்தை நடத்திவைப்பவர்) திருமண அறிவிப்புப் படிவம் கொடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். குறைந்தது ஒரு மாதம் முன்பே கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தேதியில் சட்டப்படி கல்யாணம் நடப்பது சந்தேகம், நீங்கள் அந்தச் சனிக்கிழமையை வீணாக ஒதுக்கியிருப்பீர்கள்.

6. எந்த நிலத்தில் யாரிடம் கேட்பது

ஒயினரி தனியார் நிலம், மேலாளரிடம் கேட்டால் போதும். விரிகுடாக் கரையோரப் பொது இடங்கள் பெரும்பாலும் மார்னிங்டன் பெனின்சுலா ஷையர் என்ற உள்ளாட்சி மன்றம் பார்த்துக்கொள்வது. கேப் ஷாங்க், பாயிண்ட் நெப்பியன், ஆர்தர்ஸ் சீட் காட்டுப்பகுதி எல்லாம் மாநிலப் பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் விக்டோரியாவின் பொறுப்பு. காசுக்கு எடுக்கும் படம் வணிகப் படம்தான். இரண்டு மாதம் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலை போனில் வைத்திருங்கள். வாய்மொழியாக "பரவாயில்லை, எடுத்துக்கோ" என்று ஒருவர் சொன்னதை நம்பிப் போனால், அன்று பணியில் இருப்பவர் வேறொருவராக இருப்பார்.

நாயோடு வரும் ஜோடிகள் இங்கே ரொம்ப அதிகம். பாயிண்ட் நெப்பியன் தேசியப் பூங்காவுக்குள் நாய்க்கு அனுமதி கிடையாது. இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டு, டை கட்டிய நாயோடு அவர்கள் வந்து நிற்பதைப் பார்க்கும் நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

மவுண்ட் மார்த்தா, மில்ஸ் கடற்கரைகளில் வண்ணவண்ணக் குட்டி மரவீடுகள் வரிசையாக இருக்கும். கடற்கரை பொதுவானது, ஆனால் அந்த வீடுகளுக்குத் தனித்தனிச் சொந்தக்காரர்கள் உண்டு. முன்னால் நிற்க வையுங்கள், படியில் ஏற்றாதீர்கள்.

ட்ரோன் எடுத்துப் போவதாக இருந்தால், தொழிலுக்காகப் பறக்கவிடுவதற்கு விமானப் பாதுகாப்பு ஆணையமான காசாவிடம் ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டும், இணையவழித் தேர்வு எழுதி, ட்ரோன் இயக்குபவருக்கான அங்கீகாரமும் பெற வேண்டும். ஆட்களிலிருந்து 30 மீட்டர் தள்ளி, 120 மீட்டர் உயரத்துக்குள். விருந்தினர் தலைக்கு மேல் கூடாது. பார்க்ஸ் விக்டோரியா பூங்காக்களில் அனுமதி இல்லாமல் அறவே கூடாது. உண்மையைச் சொன்னால், கேண்டிட் எடுப்பவருக்கு ட்ரோன் சத்தம் ஒரு தொல்லை. நான் விட்டுவிட்டேன்.

7. வெயில் வடக்கிலிருந்து வரும்

நம் ஊரிலிருந்து வருபவரை அதிகம் ஏமாற்றுவது இதுதான். அங்கே வடக்குப் பார்த்த ஜன்னலில் வெளிச்சம் மென்மையாக இருக்கும் என்று பழகியிருக்கிறோம். இங்கே சூரியன் வடக்கு வானத்தில் போகிறது. வடக்கு ஜன்னலில் வெயில் நேராக அடிக்கும், மென்மையான வெளிச்சம் தெற்கு ஜன்னலில். மணப்பெண் அலங்காரத்துக்கு எந்த அறை என்று ஜோடி கேட்டால், தெற்குப் பார்த்த அறையைச் சொல்லுங்கள். நான் முதல் மூன்று கல்யாணத்தில் பழக்கத்தில் எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

டிசம்பர் கடைசியில் சூரியன் மறைய இரவு எட்டே முக்கால் ஆகும். ஜூனில் ஐந்து மணி தாண்டியதும் மறைந்துவிடும். ஜனவரியில் மூன்று மணிக்குச் சடங்கு வைத்தால் எல்லோர் கண்ணுக்குக் கீழேயும் கருநிழல்தான் இருக்கும். நாலரை, ஐந்துக்கு வைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை சூரியன் மறைவது ஏழு மணியைத் தாண்டி, அடுத்த சனிக்கிழமையோ ஆறு மணிக்கு. போன வாரத் திட்டத்தைத் தேதி மட்டும் மாற்றி அனுப்பினால், ஜோடியைக் கடற்கரைக்கு அழைத்துப்போகும்போது இருட்டியிருக்கும்.

கரையும் முக்கியம். சூரியன் நீரில் இறங்குவது வேண்டுமென்றால் டிரொமானா, மவுண்ட் மார்த்தா போன்ற விரிகுடாப் பக்கம் போங்கள். பிளிண்டர்ஸ் பக்கம் காலை வெளிச்சத்துக்கு நல்லது. தெற்கே பாஸ் நீரிணையைப் பார்த்த கடற்கரைகள் படத்தில் பிரமாதமாக இருக்கும், ஆனால் அலை ஆளை இழுத்துக்கொள்ளும். 1967இல் பதவியில் இருந்த பிரதமர் ஹெரால்ட் ஹோல்ட், பாயிண்ட் நெப்பியன் அருகே செவியட் கடற்கரையில் நீந்தப் போய்க் காணாமல் போனார். அந்தப் பக்கம் போனால் ஓத நேரம் பார்த்துப் போங்கள், ஈரமான பாறையில் யாரையும் நிறுத்தாதீர்கள். நனைந்த கவுனோடு ஒருவரால் எழுந்து ஓட முடியாது.

8. தோட்டத்தின் நாட்காட்டியைக் கேளுங்கள்

ஜோடி மனத்தில் இருப்பது பச்சை வரிசைகள். ஆனால் ஜனவரி முதல் அறுவடைவரை, அதாவது ஏறக்குறைய மார்ச், ஏப்ரல் வரை, பறவைகளிடமிருந்து பழத்தைக் காக்க வரிசைகளுக்கு மேல் வலை போர்த்தியிருப்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் மலைச்சரிவு முழுக்கக் கொசுவலை கட்டிய கட்டில்களை அடுக்கி வைத்தது போல இருக்கும். முதலில் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. வலையைத் தூக்கி உள்ளே போக நினைக்காதீர்கள். வருடம் முழுக்கப் பாடுபட்ட பழம் அது. வலை போடாத வரிசை ஏதாவது உண்டா என்று ஒரு வாரம் முன்பே கேளுங்கள். இல்லையென்றால் மாலை வெயிலை வலைக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். வெள்ளை வலையில் வெளிச்சம் பரவி, முன்னால் நிற்பவர் முகத்தில் நிழலே விழாது. எனக்குப் பிடித்த படங்களில் இரண்டு அப்படி எடுத்தவைதான். ஏப்ரல் கடைசியில் இலை மஞ்சளாகும், அது இன்னொரு அழகு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெறும் கட்டை.

மருந்து தெளித்த வரிசைக்குள் குறிப்பிட்ட நேரம் போகக் கூடாது. அதையும் கேளுங்கள்.

செருப்பு விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் நான் மிகவும் வலியுறுத்துவது அதுதான். பிலாக்ஸிரா என்று ஒரு நுண்ணிய பூச்சி, திராட்சைக் கொடியின் வேரை உறிஞ்சிக் கொடியைக் கொன்றுவிடும். 2006இல் மெல்பர்னின் மறுபக்கம் உள்ள யாரா பள்ளத்தாக்கில் கண்டுபிடிக்கப்பட்டது. மண் ஒட்டிய காலணியிலும் டயரிலும் பரவும். சனிக்கிழமை யாராவில் ஒரு கல்யாணம், ஞாயிறு ரெட் ஹில்லில் ஒரு கல்யாணம் என்று ஓடுகிறவர்கள் நாம்தான். தனி ஜோடி காலணி வைத்திருங்கள். தோட்டத்தில் கிருமிநாசினித் தொட்டி வைத்திருந்தால் ஒரு நிமிடம் முழுசாகக் காலை வையுங்கள். அனுமதி இல்லாமல் வரிசைக்குள் இறங்காதீர்கள்.

நம்மவர் கல்யாணம் என்றால் ஒன்று கூடுதல். கோடையில் வறண்ட காற்று அடிக்கும் நாட்களில் முழுத் தீத்தடை அறிவிப்பார்கள். அன்று திறந்தவெளியில் ஹோமம் வளர்க்க முடியாது. அறிவிப்பு பெரும்பாலும் முந்தைய நாள்தான் வரும். ஐயரிடமும் மண்டபத்தாரிடமும் மாற்று ஏற்பாடு என்ன என்று முன்பே பேசிவைக்கச் சொல்லுங்கள். உள்ளே வளர்ப்பதாக இருந்தால் புகை அலாரத்துக்கு வழி வேண்டும்.

9. கல்யாண நாள்

சடங்குக்கு முன் செலிப்ரன்டிடம் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: முத்தத்துக்கு அறிவித்ததும் ஓர் எட்டு பக்கவாட்டில் நகர வேண்டும். இல்லாவிட்டால் ஜோடியின் முத்தத்துக்கு நடுவில் மைக் பிடித்த ஒரு முகம் இருக்கும்.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் திறந்தவெளிச் சடங்குக்கு அருமை. அதே அமைப்போடு எல்இடி விளக்கு போட்ட அறைக்குள் போனால் படம் முழுக்கக் கோடுகள் விழும். உள்ளே நுழைந்ததும் மாற்றுங்கள். ஒயின் பீப்பாய் அறைகள் இருட்டாக இருக்கும், கூரை கறுத்த மரமாகவோ தகரமாகவோ இருக்கும், மேலே அடித்த பிளாஷ் திரும்பி வராது. நிறையத் திறக்கும் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றும் 85 மி.மீ. லென்ஸ் ஒன்றும் எனக்குப் போதும்.

கேண்டிட் என்றால் தூரத்தில் ஒளிந்து நீள லென்ஸில் எடுப்பது என்று வந்த புதிதில் நினைத்தேன். அப்படி எடுத்தால் உளவு பார்த்தது போலத்தான் படம் வரும். காலையிலிருந்து பக்கத்திலேயே இருந்து, டீ வாங்கிக் கொடுத்து, பாட்டியின் பெயரைத் தெரிந்துகொண்டு, மதியத்துக்குள் அவர்கள் உங்களை மறந்துவிட வேண்டும். சடங்கு முடிந்து விருந்துக்கு முன், எல்லோரும் கையில் கோப்பையோடு புல்வெளியில் நிற்கும் ஒரு மணி நேரம் இருக்கிறது பாருங்கள், நல்ல படமெல்லாம் அதில்தான். ஆனால் குரூப் போட்டோவும் ஜோடிப் படமும் அதே நேரத்தில்தான் வரும். குரூப் பட்டியலைப் பத்துக்குள் அடக்கச் சொல்லுங்கள், சொந்தக்காரர்களைத் தெரிந்த ஒருவரைப் பெயர் கூப்பிட வையுங்கள். இருபது நிமிடத்தில் முடித்தால் மீதி உங்களுக்கு.

அப்படிக் கிடைத்த ஒரு பதினைந்து நிமிடத்தில், மணமகனின் பாட்டி யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். சாக்ஸையும் சுருட்டி அதற்குள் திணித்தார். ஈரப் புல்லில் இரண்டு பாதத்தையும் மெதுவாக அழுத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் இறந்த பிறகு குடும்பம் பெரிதாக அச்சடித்து மாட்டியது அந்தப் படத்தைத்தான்.

பேச்சு நேரத்தில் பேசுகிறவரை நாலு படம் எடுத்துவிட்டுத் திரும்பிக் கேட்பவர்களைப் பாருங்கள். அண்ணன் பேசும்போது மணமகன் முகத்தில் சிரிப்பு இருக்கும், மேசைக்குக் கீழே கை நாப்கினை முறுக்கிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே சட்டகத்தில் வரும் இடத்தைத் தேடிப் போய் நில்லுங்கள்.

10. கிளம்பும் முன்

இரண்டு கார்டு போடும் கேமராவாக இருந்தால் இரண்டிலும் ஒரே படம் பதியும்படி வையுங்கள். முடிந்ததும் ஒரு கார்டு தொகுதி சட்டைப் பையில், இன்னொன்று கேமராப் பையில். வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், இரண்டு ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்த பிறகுதான் படுப்பது. வாரத்துக்குள் மூன்றாவது நகல் வேறு இடத்துக்குப் போக வேண்டும்.

அடுத்த நாள் மாலைக்குள் பத்துப் படம் அனுப்புங்கள், மீதி ஆறு முதல் எட்டு வாரத்தில் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருங்கள். சீசனில் நாலு வாரம் என்று வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற முடியாது.

ஒயின் ருசிக்கச் சொல்வார்கள், பாட்டிலே கொடுப்பார்கள். வாங்கி டிக்கியில் வையுங்கள். ரெட் ஹில் சாலைகளில் பல இடத்தில் தெருவிளக்கு இல்லை, வளைவு அதிகம், இருட்டிய பிறகு கங்காரு குறுக்கே வரும். ஒன்று தாண்டிப் போனால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று வைத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, நெடுஞ்சாலை வெளிச்சம் தெரியும்வரை அப்படியே வாருங்கள்.